மணிக்கு ஒரு விமானம்: ஃபோர்டின் வில்லோ ரன் ஆலையில் நடந்தது என்ன?

1942-ஆம் ஆண்டு முடியும்போது வில்லோ ரன் ஆலையின் உற்பத்திக் கணக்கில் இருந்த எண் 56. அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில், டெட்ராய்ட் நகரத்துக்கு மேற்கே சுமார் 30 மைல் தள்ளி, 35 லட்சம் சதுர அடியில் எழுப்பிய தொழிற்சாலை அது. அங்கே மணிக்கு ஒரு குண்டுவீச்சு விமானம் செய்து தருவோம் என்று ஃபோர்டு நிறுவனம் பேச ஆரம்பித்து இரண்டு ஆண்டு நெருங்கிக்கொண்டிருந்தது. அமெரிக்காவை இரண்டாம் உலகப் போருக்குள் இழுத்த, ஜப்பானின் பேர்ல் ஹார்பர் தாக்குதல் நடந்தே ஒரு வருஷம் ஓடிவிட்டது. ஆனால் வெளியே வந்தவை 56 விமானங்கள்தான். ஆலையின் பெயரையே கொஞ்சம் மாற்றி "வில் இட் ரன்?" என்று கேட்க ஆரம்பித்தார்கள். இது ஓடுமா என்று அர்த்தம்.

1944-ல் அதே கூரையின் கீழிருந்து மாதத்துக்கு 400-க்கும் மேற்பட்ட விமானங்கள் போயின. உச்சத்தில் 63 நிமிடத்துக்கு ஒன்று.

இந்தக் கதையைச் சொல்பவர்களில் பாதிப் பேர் முதல் எண்ணோடு நிறுத்தி, இது வீண் ஆடம்பரம் என்பார்கள். மீதிப் பேர் இரண்டாவது எண்ணிலிருந்து தொடங்கி, கார் கம்பெனியின் மேதைமை என்பார்கள். இரண்டுக்கும் நடுவில் கிடக்கும் ஒன்றரை வருஷத்தைத்தான் கவனமாகப் பார்க்க வேண்டும் என்பது என் எண்ணம். ஒரு மோட்டார் ஆலையின் பழக்கங்கள் விமானத்திடம் போய் முட்டிக்கொண்டதும், பிறகு இரண்டும் ஒன்றுக்கொன்று இடம் கொடுத்ததும் அந்தக் காலத்தில்தான்.

சான் டியேகோவில் ஓர் இரவு

1940 மே மாதம் அதிபர் ரூஸ்வெல்ட் ஆண்டுக்கு 50,000 விமானம் வேண்டும் என்று நாடாளுமன்றத்தில் கேட்டார். அதே மாதத்தில் ஹென்றி ஃபோர்டு, வழிகாட்ட ஆள் இருந்தால் தன் கம்பெனியால் ஒரு நாளைக்கு 1,000 விமானம்கூடச் செய்ய முடியும் என்றார். ஆனால் அவருக்குப் போரில் விருப்பம் இல்லை. பிரிட்டனுக்காக ரோல்ஸ் ராய்ஸ் மெர்லின் எஞ்சின் செய்து தரும் ஒப்பந்தத்துக்கு முதலில் தலையாட்டிவிட்டு, பிறகு மாட்டேன் என்று மறுத்துவிட்டார். அந்த வேலை பேக்கார்டு நிறுவனத்துக்குப் போனது. கம்பெனியின் தலைவர் என்ற பெயர் மகன் எட்ஸல் ஃபோர்டுக்கு இருந்தது. கடைசிச் சொல் கிழவருடையது.

1940 டிசம்பரில் மோட்டார் தொழிலாளர் சங்கத்தின் வால்டர் ரூதர், கார் ஆலைகளில் சும்மா கிடக்கும் இயந்திரங்களைக் கொண்டே நாளைக்கு 500 போர் விமானம் செய்யலாம் என்று ஒரு திட்டம் கொடுத்தார். கம்பெனிகள் அதை ஏற்கவில்லை. புது ஆலை கட்டும் பாதையைத்தான் தேர்ந்தெடுத்தார்கள்.

அடுத்த மாதம், 1941 ஜனவரியில், ஃபோர்டின் உற்பத்தித் தலைவர் சார்லஸ் சோரன்சன் கலிஃபோர்னியாவின் சான் டியேகோவுக்குப் போனார். டென்மார்க்கில் பிறந்தவர், வார்ப்படப் பட்டறையில் வளர்ந்தவர். கார் உலகத்தில் அசெம்பிளி லைன், அதாவது நகரும் வரிசையில் பாகம் பாகமாகப் பொருத்தும் முறை, பிறந்தபோது பக்கத்தில் நின்றவர். எட்ஸலும் அவருடைய மகன்கள் இருவரும் கூடப் போனார்கள். அங்கே கன்சாலிடேட்டட் நிறுவனம் பி-24 லிபரேட்டர் என்ற நான்கு எஞ்சின் குண்டுவீச்சு விமானத்தைச் செய்துகொண்டிருந்தது.

சோரன்சன் அங்கே பார்த்தது அவருக்குப் பிடிக்கவில்லை. ஒரே அளவில் இரண்டு விமானம் இல்லை. கடைசிக் கட்ட வேலை வெட்டவெளியில், இரும்புச் சட்டங்களின் மேல் நடந்தது. காலையில் எடுத்த அளவு மதியத்தில் பொருந்தாது, வெயிலில் இரும்பு விரிந்துவிடும். ஒவ்வொரு தகட்டையும் கைதேர்ந்த தொழிலாளி ஒருவர் ராவி, தட்டி, பொருத்தினார். தையல்காரர் ஒருவருக்கு அளவெடுத்துத் தைப்பது போல ஒவ்வொரு விமானமும் தனித்தனியாக உருவானது. நாளைக்கு ஒன்று என்பதே அங்கே பெரிய இலக்கு.

அன்றிரவு ஓட்டல் அறையில் பென்சிலும் காகிதமுமாக உட்கார்ந்தார். விமானத்தைப் பெரிய பெரிய துண்டுகளாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் எவ்வளவு நேரம், எவ்வளவு இடம் என்று கணக்குப் போட்டு, விடிவதற்குள் ஒரு மைல் நீள ஆலையின் படத்தை வரைந்துவிட்டதாகப் பின்னாளில் அவரே சொன்னார். காலையில் எட்ஸல் அந்தக் காகிதத்தில் கையெழுத்துப் போட்டார். திட்டச் செலவு 20 கோடி டாலர். சிறகுப் பகுதிகளை மட்டும் செய்து கொடுங்கள், போதும் என்று கன்சாலிடேட்டட் கேட்டுப் பார்த்தது. செய்தால் முழு விமானம், இல்லையென்றால் ஒன்றும் வேண்டாம் என்று சோரன்சன் சொல்லிவிட்டார்.

அந்த இரவை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். விமானத் தொழிலில் இருந்தவர்கள் கைவேலையாகப் பார்த்ததை உற்பத்தி வேலையாகப் பார்க்க ஒருவருக்குத் தோன்றியதே பெரிய விஷயம். ஆனால் அந்தக் காகிதத்தில் இரண்டு விஷயங்கள் இல்லை. விமானம் மாறிக்கொண்டே இருக்கும் என்பது ஒன்று, ஆலைக்கு வரும் ஆட்கள் இரவில் எங்கே படுப்பார்கள் என்பது இன்னொன்று. பின்னால் வந்த தொல்லையில் முக்கால்வாசி இந்த இரண்டிலிருந்தே வந்தது.

சோயா வயலில் ஒரு மைல் கட்டடம்

வில்லோ ரன் என்பது ஒரு சிற்றோடையின் பெயர். அந்த நிலம் ஹென்றி ஃபோர்டுக்குச் சொந்தமான பண்ணை. முதல் உலகப் போரில் இறந்தவர்கள், ஊனமுற்றவர்கள் வீட்டுப் பிள்ளைகளுக்கென்று 1939-ல் அங்கே ஒரு பண்ணை முகாம் வைத்திருந்தார். பையன்கள் பயிர் வைத்து, விளைந்ததைச் சாலையோரக் கடையில் விற்றார்கள். 1941 வசந்த காலத்தில் அந்த இடத்தில் மரங்களை வெட்ட ஆரம்பித்தார்கள்.

கட்டடத்தை வடிவமைத்தவர் ஆல்பர்ட் கான். ஃபோர்டின் ஹைலேண்ட் பார்க், ரூஜ் ஆலைகளை வடிவமைத்தவரும் இவரே. வில்லோ ரன்தான் அவருடைய கடைசிப் பெரிய வேலை, 1942 டிசம்பரில் இறந்துபோனார். கட்டடம் நேராக ஒரு மைல் போகவில்லை. லைனின் மூன்றில் இரண்டு பங்கு தாண்டியதும் 90 பாகை திரும்பியது. திரும்பும் இடத்தில் பெரிய சுழல் மேடை வைத்து, விமானத்தை அப்படியே தூக்கி வைத்துத் திருப்பினார்கள். நேராகப் போயிருந்தால் ஆலை வாஷ்டெனா கவுண்டியை (கவுண்டி என்பது மாவட்டம் மாதிரி) தாண்டி வேய்ன் கவுண்டிக்குள் நுழைந்திருக்கும், அங்கே வரி அதிகம், அதனால்தான் இந்தத் திருப்பம் என்பது பரவலாகச் சொல்லப்படும் காரணம். அதற்கு "வரித் திருப்பம்" என்றே பெயர் வந்துவிட்டது.

1942 பிப்ரவரியில் அமெரிக்காவில் பொதுமக்களுக்கான கார் உற்பத்தி மொத்தமாக நின்றது. டெட்ராய்ட் முழுவதும் டாங்கி, எஞ்சின், பீரங்கி, குண்டு என்று மாறியது. கார் கம்பெனிகளின் கவனம் பூராவும் போரின் பக்கம் திரும்பிய அந்த நேரத்தில் வில்லோ ரன் இன்னும் டை, அதாவது தகட்டை அழுத்தி வடிவம் கொடுக்கும் அச்சு, வெட்டிக்கொண்டிருந்தது.

டை

இந்த ஆய்வின் நடுநரம்பு இங்கேதான் இருக்கிறது, கொஞ்சம் நின்று பார்ப்போம்.

ஒரு காரில் சுமார் 15,000 உதிரிப்பாகங்கள் என்று அப்போது கணக்கு. பி-24-ல் தகடுகளை இணைக்கும் ஆணியான ரிவெட் மட்டுமே மூன்று லட்சத்துக்கு மேல். சிறகு விரிப்பு 110 அடி. வெளித்தோல் முழுக்க மெல்லிய அலுமினியத் தகடு. அந்தத் தகட்டுக்கு வளைவு கொடுக்க வேண்டுமே, அதற்கு இரண்டு வழி.

விமானக் கம்பெனிகளின் வழி மெத்தென்ற டை. ஈயம், துத்தநாகக் கலவை, ரப்பர் போன்றவற்றில் அச்சு செய்து அழுத்துவார்கள். சீக்கிரம் செய்துவிடலாம், செலவு குறைவு, வடிவம் மாறினால் உருக்கித் திரும்ப வார்க்கலாம். ஆனால் கொஞ்சம் பாகங்கள் அடித்ததுமே அச்சு தேய்ந்து, வரும் பாகம் வித்தியாசப்படும். அதைச் சரிசெய்யக் கைதேர்ந்த ஆள் வேண்டும். இன்னொன்று கார் கம்பெனியின் வழி, கடினமான எஃகு டை. வெட்ட மாதக்கணக்கில் ஆகும். வெட்டி முடித்தால் ஆயிரக்கணக்கில் அடிக்கலாம், முதல் பாகமும் கடைசிப் பாகமும் ஒன்றுபோலவே இருக்கும். பொருத்துபவருக்குக் கைத்திறமை அவ்வளவாகத் தேவையில்லை, ஏனென்றால் திறமை முழுவதும் டைக்குள்ளே போய்விடுகிறது.

சோரன்சனின் ஆட்கள் எஃகு டைதான் என்று முடிவெடுத்தார்கள். விமானத் தொழிலில் இருந்தவர்கள் எச்சரித்தார்கள். அலுமினியம் கார் தகடு மாதிரி கிடையாது, அழுத்திவிட்டால் கொஞ்சம் திரும்பி நிமிரும், எஃகு பட்டால் கீறும் என்றார்கள். முதலில் வந்த பாகங்களில் அந்தக் குறைகள் எல்லாமே இருந்தன. ஆயிரக்கணக்கான டைகள் வெட்ட வேண்டியிருந்தது, வெட்டியதில் பலவற்றைத் திருத்த வேண்டியிருந்தது.

அதற்கும் முன்னால் டிராயிங் பிரச்சினை. சான் டியேகோவிலிருந்து வந்த வரைபடங்களை வைத்து டை வெட்ட முடியவில்லை. அங்கே பல அளவுகள் காகிதத்தில் இருப்பதைவிடத் தொழிலாளியின் கையிலும் கண்ணிலும்தான் இருந்தன. "இங்கே பார்த்துப் பொருத்திக்கொள்" என்பதை டை ஏற்காது, அதற்குத் துல்லியமான எண் வேண்டும். ஃபோர்டு ஆட்கள் சான் டியேகோவிலேயே மாதக்கணக்கில் தங்கி, விமானத்தை அளந்து அளந்து, வரைபடங்களைத் திரும்ப வரைந்தார்கள். டை போன்ற கருவிகளைச் செய்யும் டூல் ரூமில் நின்ற அனுபவம் உள்ள யாரைக் கேட்டாலும் சொல்வார்கள், பெரிய தாமதங்கள் இயந்திரத்தில் தொடங்குவதில்லை, அரைகுறை டிராயிங்கில்தான் தொடங்கும் என்று.

அப்புறம் எல்லாவற்றுக்கும் மேலே வந்து உட்கார்ந்தது மாற்றம். போர்க்களத்திலிருந்து நாள்தோறும் புகார் வந்தது. துப்பாக்கி இங்கே வேண்டும், கவசம் அங்கே வேண்டும், எரிபொருள் தொட்டியை மாற்று என்று. ஓர் உதாரணம் போதும். ஜெர்மானியப் போர் விமானங்கள் நேர் எதிரே வந்து சுட ஆரம்பித்தன. பி-24-ன் மூக்குப் பகுதி கண்ணாடிக் கூண்டு, பாதுகாப்பு குறைவு. அந்த மூக்கை எடுத்துவிட்டு, இயந்திரத்தால் சுழலும் துப்பாக்கி மேடையை வைக்கச் சொன்னது விமானப்படை. சான் டியேகோ முறையில் இது சில வாரங்களின் தலைவலி. எஃகு டை வைத்திருப்பவருக்கோ வெட்டிய டைகளைத் தூக்கிப் போட்டுவிட்டு ஆரம்பத்திலிருந்து தொடங்க வேண்டும்.

மாற்றாமல் இருந்தாலும் ஆபத்து. வில்லோ ரன் முதலில் செய்த வகை பி-24இ. அது லைனை விட்டு வெளியே வரும்போதே போர்க்களத்துக்குப் பழசாகிவிட்டிருந்தது. பெரும்பாலானவற்றை உள்நாட்டில் பயிற்சிக்குத்தான் வைத்துக்கொண்டார்கள். அவ்வளவு பாடுபட்டுச் செய்த விமானம் சண்டைக்குப் போகவில்லை என்பது அங்கே வேலை செய்தவர்களுக்கு எப்படி இருந்திருக்கும்!

1927-ல் தனியாக அட்லாண்டிக்கைக் கடந்த சார்லஸ் லிண்ட்பெர்க் 1942 ஏப்ரலில் ஃபோர்டுக்கு ஆலோசகராக வந்து சேர்ந்தார். போருக்கு எதிராகப் பேசியவர் என்பதால் ராணுவம் அவரைத் திரும்பச் சேர்த்துக்கொள்ளவில்லை. வில்லோ ரன்னின் முதல் விமானங்களைப் பார்த்துவிட்டு, உலோக விமான வேலையில் இவ்வளவு மோசமாகத் தான் எதையும் கண்டதில்லை என்ற பொருளில் தன் நாட்குறிப்பில் எழுதினார். அது கடுமையான சொல்தான். ஆனால் பறக்கத் தெரிந்தவரின் சொல், ஒதுக்க முடியாது.

ஆள் எங்கே தூங்குவது?

ஆலைக்குப் பக்கத்து ஊர் யிப்சிலாண்டி. 1940-ல் அங்கே சுமார் 12,000 பேர் இருந்தார்கள். ஆலைக்கு வேண்டியது அதைவிடப் பல மடங்கு. 1943 நடுவில் உச்சமாக 42,000-க்கும் மேற்பட்டவர்கள் வேலை செய்தார்கள். இவர்களில் மிகப் பெரும்பாலோர் வெளியூர். கென்டக்கி, டென்னஸி போன்ற தெற்கு மாநிலங்களின் மலைப்பகுதிகளிலிருந்து குடும்பம் குடும்பமாக வந்தார்கள்.

வந்தவர்களுக்கு வீடு இல்லை. டிரெய்லர் வண்டியில், கூடாரத்தில், தகரமும் தார்க்காகிதமும் வைத்து அடித்த குடிசையில் இருந்தார்கள். ஒரே கட்டிலை ஷிஃப்டுக்கு ஒருவராக மாற்றி மாற்றி வாடகைக்கு விட்ட வீடுகள் இருந்தன. ஒருவர் வேலைக்குக் கிளம்பும்போது இன்னொருவர் வேலை முடித்து வந்து அந்தச் சூடு ஆறாத மெத்தையில் படுப்பார். மிச்சிகன் குளிரை நினைத்துப் பாருங்கள். கிணறும் கழிப்பிடமும் பக்கத்துப் பக்கத்தில் இருந்ததால் சுகாதார அதிகாரிகள் பயந்துகொண்டே இருந்தார்கள்.

சரி, டெட்ராய்டில் தங்கி வந்துபோகலாமே? அதற்காகவே விரைவுச் சாலை போட்டார்கள். ஆனால் 1942 தொடக்கத்தில் ஜப்பான் மலாயாவைப் பிடித்துவிட்டது. நம் ஆட்கள் பால் வெட்டிய அதே ரப்பர் தோட்டங்கள்தான். ரப்பர் வரத்து நின்றதும் அமெரிக்காவில் டயருக்கு ரேஷன், ஆண்டு இறுதியில் பெட்ரோலுக்கும் ரேஷன். தினம் 60 மைல் போய்வர டயர் எங்கே கிடைக்கும்? டெட்ராய்டுக்குள்ளேயே, வீட்டுக்குப் பக்கத்திலேயே, வேறு ஆயுத ஆலைகள் ஆளெடுத்துக்கொண்டிருந்தன. ஆட்கள் வந்தார்கள், கொஞ்ச நாள் பழகினார்கள், போய்விட்டார்கள். இன்னொரு பக்கம் ராணுவம் இளைஞர்களை அழைத்துக்கொண்டே இருந்தது. பழகிய கை போய்ப் புதுக் கை வந்தால் ஒவ்வொரு முறையும் ரிவெட் அடிப்பதிலிருந்து சொல்லிக்கொடுக்க வேண்டும்.

மோட்டார் தொழிலாளர் சங்கம் ஆலைக்கு அருகிலேயே நிரந்தர வீடுகளோடு ஒரு புது நகரம் கட்டச் சொல்லிக் கேட்டது. ஃபோர்டு நிர்வாகம் எதிர்த்தது, உள்ளூர் நிலச்சொந்தக்காரர்களும் எதிர்த்தார்கள். சங்கத்து ஆட்களும் ரூஸ்வெல்ட் கட்சி வாக்காளர்களும் அங்கே நிரந்தரமாகக் குடியேறிவிடுவார்கள் என்ற பயம் அதில் கலந்திருந்தது. இதை என்னால் மன்னிக்க முடியவில்லை. ஆலைக்கு 20 கோடி டாலர் கணக்குப் போட்ட அதே நிர்வாகம், அதை ஓட்டும் ஆளுக்குக் கூரை வேண்டும் என்பதற்குக் குறுக்கே நின்றது. கடைசியில் அரசாங்கம் தற்காலிக விடுதிகளைக் கட்டியது. வில்லோ லாட்ஜ் 1943 தொடக்கத்தில் திறந்தது, பிறகு குடும்பங்களுக்கான வில்லோ வில்லேஜ். அந்தப் புதுக் குடியிருப்புகளில் கறுப்பினத் தொழிலாளர்களுக்கு இடமில்லை என்பதுதான் நடைமுறையாக இருந்தது. வேலை தேடி வந்தவர்களிலேயே அதிகத் தூரம் அலைந்தவர்கள் அவர்கள்தான். வீட்டுக்கும் வேலைக்குமான அந்தக் கசப்பு டெட்ராய்டில் 1943 ஜூனில் கலவரமாக வெடித்து 34 உயிரைக் கொண்டுபோனது.

ஆலைக்குள் மூன்றில் ஒரு பங்கு பெண்கள். ரிவெட் அடிப்பது இரண்டு பேர் வேலை. தகட்டுக்கு வெளியே ஒருவர் காற்றில் ஓடும் துப்பாக்கியை ரிவெட் தலையில் வைப்பார். உள்ளே, இருட்டில், இன்னொருவர் இரும்புக் கட்டையை ரிவெட்டின் வாலுக்கு முட்டுக் கொடுத்துப் பிடிப்பார். முகம் பார்க்க முடியாது, சத்தத்தில் பேசவும் முடியாது. தகட்டில் தட்டித்தான் சைகை, சரி என்றால் ஒரு தட்டு, திரும்ப அடி என்றால் இன்னொரு தட்டு. சில வகை ரிவெட்டுகளை ஐஸ்பெட்டியில் வைத்திருக்க வேண்டும். வெளியே எடுத்துக் கொஞ்ச நேரத்துக்குள் அடிக்காவிட்டால் இறுகிவிடும், பிறகு அடித்தால் விரிசல் விழும். பார்க்கச் சின்ன வேலை. ஒரு விமானத்தில் இது மூன்று லட்சம் தடவை. சிறகின் குறுகலான நுனிக்குள் நுழைந்து கட்டை பிடிக்க, உயரம் குறைந்தவர்களைத் தேடிப்பிடித்து வேலைக்கு எடுத்தார்கள். வேறு இடங்களில் வேலை கிடைக்காமல் ஒதுக்கப்பட்டவர்கள், இங்கே அவர்கள் இல்லாமல் வேலை ஓடவில்லை.

கென்டக்கியிலிருந்து வந்து இங்கே ரிவெட் அடித்த ரோஸ் வில் மன்ரோ என்ற பெண், போர்ப் பத்திரம் விற்கும் பிரச்சாரப் படத்தில் தோன்றி, நாடு முழுக்க "ரோஸி" என்ற பெயரோடு அடையாளம் ஆனார். விமானம் ஓட்டக் கற்க வேண்டும் என்பது அவர் ஆசை. அதைப் பல ஆண்டு கழித்து, தன் ஐம்பதுகளில் நிறைவேற்றிக்கொண்டார்.

எது திருப்பியது?

1943 தொடக்கத்தில் செனட்டர் ட்ரூமன் தலைமையில் போர் உற்பத்தியை ஆராய்ந்த விசாரணைக் குழு வில்லோ ரன்னைத் தேடி வந்தது. விமானப்படையும் நெருக்கியது. அந்த ஆண்டில் சில விஷயங்கள் ஒன்றன்பின் ஒன்றாக மாறின. அவற்றில் எதுவும் பெரிய கண்டுபிடிப்பு இல்லை.

முதலில், எல்லாவற்றையும் ஒரே கூரையின் கீழ் செய்யும் பிடிவாதத்தை விட்டார்கள். சோரன்சனின் காகிதத்தில் இருந்த பெருமையே அந்த ஒரே கூரைதான். ஆனால் ஆள் இங்கே வரவில்லை என்றால் வேலை ஆள் இருக்கும் இடத்துக்குப் போக வேண்டும். சின்னச் சின்னத் துணை அசெம்பிளிகளை டெட்ராய்ட் வட்டாரத்தின் மற்ற ஃபோர்டு ஆலைகளுக்கும் வெளிக் கம்பெனிகளுக்கும் பிரித்துக் கொடுத்தார்கள். வில்லோ ரன்னில் நெரிசல் குறைந்தது, தேவையான ஆள் எண்ணிக்கையும் குறைந்தது. 1944-ல் உற்பத்தி உச்சத்தைத் தொட்டபோது ஆலைக்குள் இருந்தவர்கள் 1943 நடுவில் இருந்தவர்களைவிடக் குறைவு. மொத்தக் கதையிலும் எனக்கு மிகவும் பிடித்த தகவல் இதுதான்.

அடுத்து, மாற்றங்களைத் தொகுதியாக வாங்கப் பழகினார்கள். தினம் ஒரு மாற்றம் என்பது போய், இத்தனையாவது விமானம் வரை இந்த வடிவம், அதற்குப் பிறகு சேர்ந்த மாற்றங்கள் எல்லாம் மொத்தமாக அடுத்த தொகுதியில் என்று ஆனது. விமானத்தின் பெயரிலேயே தொகுதி எண்ணும், ஃபோர்டைக் குறிக்கும் இரண்டெழுத்தும் வந்தன. அவசரமான மாற்றத்தை லைனில் செய்ய மாட்டார்கள். விமானத்தை முழுதாக முடித்து, அலபாமாவின் பர்மிங்ஹாம் போன்ற இடங்களில் இருந்த மாற்றக் கூடங்களுக்குப் பறக்கவிட்டு அங்கே செய்தார்கள். இதனால் ஆலைக்குள் எஃகு டை நிம்மதியாக ஓட முடிந்தது. மூக்கில் துப்பாக்கி மேடையோடு வந்த பி-24எச் வகையை முதலில் செய்தது வில்லோ ரன்தான், 1943 நடுவில். ஒரு வருஷம் முன்பு மாற்றத்தைக் கண்டு தடுமாறிய ஆலை அது என்பதை நினைவில் வையுங்கள்.

பிறகு, டைகள் கடைசியாகத் தேறின. திருத்தித் திருத்தி, அலுமினியத்தின் குணம் பிடிபட்டு, கீறாமல் நிமிராமல் பாகம் வர ஆரம்பித்தது. அதுவரை வெறும் செலவாகத் தெரிந்த எஃகு அப்போதுதான் வேலையைக் காட்டியது. புதிதாக வந்த ஆளும் பாகத்தை எடுத்துப் பொருத்தினால் பொருந்தியது, ராவ வேண்டியதில்லை. தையல்காரி, விவசாயி, பள்ளி ஆசிரியை என்று விமானத்தையே அதற்கு முன் கிட்டத்தில் பார்க்காதவர்கள் அதைக் கட்டினார்கள் என்றால் அதற்குக் காரணம் இது.

அப்புறம் விடுதிகள் திறந்தன, பஸ்கள் ஓடின, ஆட்கள் கொஞ்சம் நிலைத்தார்கள். இதை யாரும் பெரிதாகக் கொண்டாடுவதில்லை. எஃகு டைக்குச் சமமாக நான் இதை வைப்பேன்.

1943 முடிவில் மாத உற்பத்தி 300-ஐத் தாண்டியிருந்தது. 1944-ல் 400-ஐத் தாண்டியது. விமானத்தை எடுத்துப் போக வந்த ராணுவ விமானிகளும் குழுவினரும் தங்க ஆலையிலேயே 1,300 கட்டில்கள் போட்டிருந்தார்கள். லைனை விட்டு வரும் விமானம் ஓடுபாதைக்குப் போகும், சோதனை ஓட்டம் முடியும், காத்திருப்பவர்கள் ஏறிக்கொண்டு கிளம்புவார்கள்.

மேலே இருந்தவர்கள்

எட்ஸல் ஃபோர்டு இதைப் பார்க்க இருக்கவில்லை. வயிற்றுப் புற்றுநோயோடுதான் இந்த ஆலையின் மோசமான மாதங்களைக் கடந்தார். ஒரு பக்கம் அப்பா, இன்னொரு பக்கம் அப்பாவின் நம்பிக்கைக்குரிய ஹாரி பென்னட், எதிரே விசாரணைக் குழு. 1943 மே 26-ல், 49 வயதில் இறந்துபோனார். 80-ஐ நெருங்கிய ஹென்றி ஃபோர்டு திரும்பத் தலைவர் நாற்காலியில் உட்கார்ந்தார். அவர் எதையும் நடத்தும் நிலையில் இல்லை என்பது அரசுக்குத் தெரிந்திருந்தது. எட்ஸலின் மூத்த மகனைக் கடற்படையிலிருந்து விடுவித்து வீட்டுக்கு அனுப்பினார்கள். 1944 மார்ச்சில், ஆலை உச்சத்தைத் தொட்டுக்கொண்டிருந்த நேரத்தில், சோரன்சனும் கம்பெனியை விட்டு வெளியேறினார். அந்த ஓட்டல் அறைக் காகிதத்தில் சம்பந்தப்பட்ட இரண்டு பெரியவர்களும் பலன் வந்தபோது அங்கே இல்லை. லைன் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது.

மொத்தக் கணக்கு

1945 ஜூன் மாதம் கடைசி விமானம் வெளியே வந்தது. ஃபோர்டு செய்த பி-24-களின் மொத்த எண்ணிக்கை 8,685. இதில் 6,792 வில்லோ ரன்னிலேயே முழுதாகி, அங்கிருந்தே பறந்தவை. மீதி 1,893 பிரித்த துண்டுகளாக லாரியில் போய், ஓக்லஹோமாவின் டல்சாவிலும் டெக்சஸின் ஃபோர்ட் வொர்த்திலும் பூட்டப்பட்டவை. எல்லாக் கம்பெனிகளும் சேர்ந்து செய்த பி-24-கள் 18,000-க்கும் மேல். ஏறக்குறைய பாதி ஃபோர்டுடையது.

தாமதத்தின் விலையையும் எழுத வேண்டும். அட்லாண்டிக் நடுவில் கரையோர விமானங்கள் எட்டாத ஒரு பரப்பு இருந்தது. அங்கேதான் ஜெர்மானிய நீர்மூழ்கிகள் சரக்குக் கப்பல்களை வேட்டையாடின. அந்தப் பரப்பை மூடக்கூடிய தூரம் பறக்கும் விமானம் லிபரேட்டர்தான். 1942-லும் 1943 தொடக்கத்திலும், ஒவ்வொரு லிபரேட்டருக்காகவும் கடற்படையும் விமானப்படையும் பிரிட்டனும் மல்லுக்கட்டிய மாதங்களில், வில்லோ ரன்னின் கணக்கில் பெரிய எண்கள் வரவில்லை. எண்கள் வந்த நேரத்தில் அந்தச் சண்டை முடிந்திருந்தது. ஐரோப்பாவின் மேல் நடந்த குண்டுவீச்சுக்கு அவை போய்ச் சேர்ந்தன, கீழே இருந்த ஊர்களில் செத்த பொதுமக்களும் அந்தக் கணக்கோடு சேர்ந்தவர்களே.

போருக்குப் பிறகு ஃபோர்டுக்கு அந்த ஆலை வேண்டாம். கைசர்-ஃப்ரேசர் என்ற புதுக் கார் கம்பெனி 1953 வரை அங்கே கார் செய்தது. அதே ஆண்டு ஜெனரல் மோட்டார்ஸின் கியர்பெட்டி ஆலை ஒன்று தீயில் எரிந்துபோக, அவசரத்துக்கு அவர்கள் வில்லோ ரன்னை வாங்கினார்கள். அடுத்த அரை நூற்றாண்டு அங்கே கியர்பெட்டிதான். 2010-ல் மூடினார்கள், பிறகு இடித்தார்கள். விமானங்கள் வெளியே வந்த பெரிய கதவுகள் இருக்கும் ஒரு முனையை மட்டும் அருங்காட்சியகத்துக்கென்று காப்பாற்றியிருக்கிறார்கள்.

கான்பூரில் கிடந்தவை

லிபரேட்டர்கள் நம் பக்கமும் பறந்தன. பிரிட்டிஷ் விமானப்படையின் லிபரேட்டர் அணிகள் சென்னை பரங்கிமலையிலிருந்தும் யாழ்ப்பாணத்துக் காங்கேசன்துறையிலிருந்தும் வங்காள விரிகுடாவின் மேல் சுற்றின. போர் முடிந்ததும் பல விமானங்களைக் கான்பூரில் கொண்டுபோய்க் குவித்தார்கள். வேறு யாரும் பயன்படுத்தக் கூடாது என்று அவற்றை வேண்டுமென்றே சேதப்படுத்திவிட்டுப் போனார்கள்.

சுதந்திரத்துக்குப் பிறகு குண்டுவீச்சு விமானம் வேண்டியிருந்தது, வாங்கப் பணமில்லை. பெங்களூரின் ஹிந்துஸ்தான் விமானத் தொழிற்சாலையிலிருந்து ஆட்கள் கான்பூருக்குப் போய், அந்தக் குவியலில் ஒன்றின் பாகத்தை எடுத்து இன்னொன்றுக்குப் பூட்டி, பறக்கும் அளவுக்கு மட்டும் தேற்றினார்கள். சோதனை விமானி ஜம்ஷெட் முன்ஷி அவற்றை ஒவ்வொன்றாகப் பெங்களூருக்கு ஓட்டி வந்தார். அங்கே முழுதாகப் பழுது பார்த்தார்கள். நாற்பதுக்கும் மேற்பட்ட விமானங்கள் இப்படி உயிர் பெற்றன. இந்திய விமானப்படை அவற்றை 1968 வரை பறக்கவிட்டது, கடைசிக் காலத்தில் கடல் கண்காணிப்புக்கு.

உலகத்தில் பி-24 வேறெங்கும் கிடைக்காமல் போன பிறகு அருங்காட்சியகங்கள் இந்தியாவிடம்தான் வந்து கேட்டன. 1974-ல் பிரிட்டிஷ் விமானப்படை அருங்காட்சியகத்துக்கு இந்தியா ஒன்றைக் கொடுத்தது. பிரிட்டிஷ் பதிவில் அதன் எண் கே.என்.751, இந்திய விமானப்படையில் எச்.இ.807. பெங்களூர் மெக்கானிக்குகள் கைபட்ட அந்த விமானம் பிரிட்டன் வரை தானே பறந்துபோனது. அது செய்யப்பட்ட இடம் வில்லோ ரன்.